தண்ணீர் படாத தரை

போகியன்று வீட்டைக் கழுவிவிடுதல் நம் குடும்பங்களில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிடுகிற பழக்கம். நம் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அமெரிக்காவின் வடபகுதி நகரமொன்றில் வாடகை வீட்டில் குடியிருந்தார். கும்பகோணத்திலிருந்து அவரைப் பார்க்க வந்திருந்த அவருடைய தாயார், கடல்கடந்த இடத்திலும் அந்தப் பழக்கத்தைக் கைவிடவில்லை. மகன் அலுவலகம் சென்றிருந்த வேளையில் வரவேற்பறையின் ஓக் மரத் தரையில் வாளி வாளியாய்த் தண்ணீரை ஊற்றி, சுவரோரம் வரை தேய்த்துக் கழுவித் தள்ளிவிட்டார். மாலையில் திரும்பிய மகன் பதறியபோது அம்மையார் கேட்ட கேள்வி இது: "கழுவாத வீட்ல எப்படிப்பா பால் பொங்க வைக்கிறது?"

பால் பொங்கிற்று, பண்டிகையும் இனிதே முடிந்தது. ஆனால் நான்கைந்து நாட்களில் தரைப்பலகைகளின் ஓரங்கள் மெல்ல மேலெழும்ப, நடுப்பகுதி குழிந்து, ஒவ்வொரு பலகையும் ஆழமற்ற ஓடம்போல ஆகிவிட்டது. வெறுங்காலால் நடந்தால் வரிவரியாய் உறுத்தும். வீட்டுக்காரர் வந்து, மண்டியிட்டு அமர்ந்து, உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தாராம். முன்பணத்தில் பெரும்பகுதி அத்துடன் போயிற்று.

இக்கதையைக் கேட்டு முதலில் நாம் எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் கேள்விகள் எழுந்தன. தண்ணீர் பட்டால் கெட்டுப்போகிற ஒரு பொருளை, நாள்தோறும் அழுக்குப்படுகிற இடமாகிய தரைக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? தேர்ந்தெடுத்ததுதான் தேர்ந்தெடுத்தார்கள், இத்தனை நூற்றாண்டுகளாக அதைச் சீராட்டியவர்கள் யார்? முதல் கேள்விக்குக் கட்டடக்கலை நூல்களில் விடை இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கு விடை தேடியபோது கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் ஓவியங்களிலும் புதினங்களிலும்தான் நாம் அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலின் பயனே இக்கட்டுரை.

முதலில் மரத்தின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்வோம். வெட்டி, அறுத்து, உலர்த்திய பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் விரியும், இறங்கினால் சுருங்கும், நீளத்திலோ மாற்றம் இல்லையென்றே சொல்லிவிடலாம். வளையங்களின் போக்கிலே ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே மரத்தை எந்தப் பக்கமாக அறுத்தார்கள் என்பதே தரையின் ஆயுளைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. மேலே ஊற்றிய தண்ணீர் இடுக்குகளின் வழியே அடிப்பக்கம் இறங்கித் தங்கிவிடுகிறது. மேற்பரப்பு காய்ந்துவிட, அடி மட்டும் ஊறிப் பருத்திருக்கும். பலகை கிண்ணமாக வளைவது இதனால்தான். அம்மையாரின் கை வலிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஐரோப்பிய வீடுகளில் மரத்தரை தொடக்கத்திலிருந்தே இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. தரைத்தளத்தில் மண்ணும் களிமண்ணும், வசதியுள்ள இடங்களில் கல்லும்தான் பெருவழக்கு. மாடி என்று ஒன்று எழும்பியபோது விட்டங்களின்மேல் பலகை பரப்புவது இயல்பாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அறிஞர் எராஸ்மஸ், கார்டினல் உல்சியின் மருத்துவருக்கு எழுதிய கடிதமொன்றில் இங்கிலாந்து வீடுகளின் தரையைப் பற்றி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதுகிறார். களிமண்மீது கோரை பரப்புவார்களாம். அவ்வப்போது மேலே புதுக்கோரை போடுவார்களேயன்றி அடியில் கிடப்பதை எடுப்பதில்லையாம். இருபது ஆண்டுக் காலமாக அங்கே எச்சிலும் வாந்தியும் நாய்களின் மூத்திரமும் மீன் மிச்சமும் மக்கிக் கிடப்பதாக அவர் குறை கூறுகிறார். அயல்நாட்டு விருந்தாளியின் மிகைப்படுத்தல் இதில் இருக்கலாம் என்பது நம் எண்ணம். எனினும், கூட்டி அள்ளுவதற்கு ஏற்ற ஒரு கெட்டியான, உலர்ந்த பரப்பு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை இக்கடிதம் உணர்த்திவிடுகிறது. 'கம்ஃபர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே முதலில் தேற்றுதல், வலுவூட்டுதல் என்பனதாம் பொருள். உடலின் சுகம் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கே ஓவிய ரசிகர்களுக்கு ஒரு செய்தி. 17ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியர்கள், குறிப்பாகப் பீட்டர் டி ஹோக்கும் வெர்மீரும், தீட்டிய இல்லக் காட்சிகளில் கருப்பும் வெள்ளையுமாய்ச் சதுரங்கப் பலகைபோல் ஒளிரும் பளிங்குத் தரைகளைப் பார்த்திருப்போம். ஆனால் அக்காலத்து வீட்டுப் பொருட்பட்டியல்களையும் எஞ்சிய வீடுகளையும் ஆராய்ந்தவர்கள், அத்தகைய பளிங்குத் தரை உண்மையில் அரிது என்றும், பெரும்பாலான அறைகளில் வெறும் மரப்பலகைகளே இருந்தன என்றும் கண்டிருக்கிறார்கள். தொலைநோக்குக் கோடுகளை அழகுறக் காட்டச் சதுரக் கற்கள் ஓவியனுக்கு உதவின. காசு கொடுத்து ஓவியம் வாங்கியவருக்கும் அந்தப் பகட்டு பிடித்திருந்தது. நடந்ததோ பலகையின் மேல்.

மரத்தை ஏழைமைக் கோலத்திலிருந்து அரசவைக்கு உயர்த்திய இடம் வெர்சாய். அங்கேயும் கதையின் வில்லன் தண்ணீர்தான் என்பது வியப்பு. பதினான்காம் லூயியின் அரண்மனையில் மேல்தள அறைகள் சிலவற்றில் முதலில் பளிங்கு பாவியிருந்தார்கள். பளிங்கை ஓயாமல் கழுவ வேண்டியிருந்தது. கழுவிய நீர் இடுக்குகளில் இறங்கி, கீழே தாங்கிநின்ற மர விட்டங்களை உளுக்கச் செய்தது. எனவே 1684இல் பளிங்கைப் பெயர்த்துவிட்டு, தச்சர்களின் கைவேலையான மரத்தளத்தை அமைக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர்ச் சதுரமுள்ள ஓக் மரச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்துள்ளும் மூலைவாட்டில் பின்னிய பட்டைகள். துளையும் கழுந்துமாய்ப் பொருத்தி மர ஆணியால் இறுக்கிய மூட்டுகள். 1693இல் ஸ்வீடன் நாட்டவரான டேனியல் குரோன்ஸ்ட்ரோம் இத்தளங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். பெரிய பலகையைச் சிறு துண்டுகளாக்கிச் சட்டத்துக்குள் அடக்கியதால், ஒவ்வொரு துண்டின் விரிவும் சுருக்கமும் அந்தந்த மூட்டிலேயே கரைந்துபோயின. அழகுக்காகச் செய்தது என்று நாம் நினைக்கிற அந்தப் பின்னல், மரத்தின் குணமறிந்து அதனுடன் செய்துகொண்ட சமாதானமும்கூட.

சரி, கழுவ முடியாத தரையை எப்படித் தூய்மையாக வைப்பது? விடை நம் தமிழ்ச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. நாம் தரையை 'மெழுகுகிறோம்', சாணத்தால். அவர்கள் மெழுகாலேயே மெழுகினார்கள். தேன்மெழுகை உருக்கிப் பூசி, அது உறைந்ததும் பலம் கொண்ட மட்டும் தேய்த்தால், மரத்தின் நுண்துளைகள் அடைபட்டு, அழுக்கு உள்ளே இறங்காமல் மேலேயே நின்றுவிடும். பிறகு தேய்ப்பதே துடைப்பது, துடைப்பதே மெருகிடுவது. இதற்கென்றே பிரான்சில் ஒரு தனித் தொழிலாளி இருந்தான். 'ஃப்ரோத்தர்', அதாவது தேய்ப்பவன், என்று அவனுக்குப் பெயர். காலில் தூரிகையைக் கட்டிக்கொண்டு, அறை முழுதும் சறுக்கிச் சறுக்கித் தேய்ப்பது அவன் வேலை.

அந்த மனிதனை நேரில் கண்டவர் எழுதிய சித்திரம் நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதியவர் அபிகெய்ல் ஆடம்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸின் மனைவி. 1784ஆம் ஆண்டு கணவரோடு அன்று பாரிஸுக்கு அருகிலிருந்த ஓத்தெய் என்ற ஊரில் பெரிய வீடொன்றில் குடியேறினார். மாசசூசெட்ஸின் எளிய வீட்டில் தம் கையால் வேலை செய்து பழகியவர். அவ்வாண்டு செப்டம்பரில் தம் உறவுப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வீட்டின் தரைகளைக் கண்டாலே தமக்கு வெறுப்பு என்கிறார். காரணம், அவற்றில் தண்ணீர் விடக் கூடாது! மெழுகு பூசி, பிறகு ஒரு வேலையாள் காலில் தூரிகை மாட்டிக்கொண்டு, திருவிழாக் கோமாளியைப்போல் அங்கும் இங்கும் ஆடியபடி அறையைச் சுற்றி வருகிறானாம். அவர் பேசுவது மரத்தரையை அன்று, சிவப்பு ஓடு பதித்த தரையை, என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் மெழுகும் ஒன்றே, தூரிகையும் ஒன்றே, ஆடிய கால்களும் ஒன்றே. கும்பகோணத்து அம்மையாரும் மாசசூசெட்ஸ் அம்மையாரும் நேரில் சந்தித்திருந்தால் தண்ணீரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருப்பார்கள் என்று எமக்குத் தோன்றியது.

அதே 1784இல் பாரிஸுக்கு வந்தவர் ஆடம்ஸ் தம்பதியரின் நண்பர் தாமஸ் ஜெஃபர்ஸன். அவருக்கு அந்தத் தரைகள் வெறுப்பூட்டவில்லை. ஊர் திரும்பியபின், வர்ஜீனியாவில் தம் மான்டிசெல்லோ மாளிகையின் கூடத்தில் செர்ரி மரச் சதுரங்களுக்குப் பீச் மரக் கரை கட்டிய தளமொன்றை அமைத்தார்; 1804இல் அது இடப்பட்டது. அமெரிக்காவின் ஆகப் பழைய பின்னல் மரத்தளங்களில் அதுவும் ஒன்று. அந்த மாளிகையை நடத்தியவர்கள் அவருடைய அடிமைகள். தரையைப் பற்றிய பேச்சில் இதைச் சொல்லாமல் தாண்டிச் செல்ல முடியாது.

இங்கிலாந்தின் வழி வேறு. அங்கே சாதாரண வீடுகளின் பலகைகள் மெழுகு காணாதவை. மணலும் தூரிகையும்தான் அவற்றுக்கு மருந்து. ஹன்னா கிளாஸ் என்ற சமையல் நூலாசிரியை 1760இல் வேலைக்காரர்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார். புதினா, பெருஞ்சீரகத் தழை போன்ற மணமுள்ள பச்சிலைகளைத் தரையில் பரப்பி, நீண்ட தூரிகையால் அழுத்தித் தேய்த்து, பின் கூட்டித் தள்ளிவிட்டு உலர்தூரிகையால் மெருகேற்றினால், பலகை மஹாகனி மரம்போல் பழுப்பேறும், அறையும் மணக்கும், கழுவவே வேண்டியிராது என்று அதில் சொல்கிறார். படிக்கும்போது நமக்கும் செய்து பார்க்க ஆசை வருகிறது. ஆனால் இந்த இனிய யோசனையை எல்லா வீட்டு எசமானிகளும் ஏற்கவில்லை. பலகை வெளுத்து வெண்மையாய் இருப்பதே தூய்மை என்ற எண்ணம் அங்கு வேரூன்றியது. வெளுக்க வேண்டுமானால் சோடாவும் சவுக்காரமும் வெந்நீரும் வேண்டும். அவற்றோடு இரண்டு முழங்கால்களும் வேண்டும்.

அந்த முழங்கால்கள் மருத்துவ அகராதியிலேயே இடம்பிடித்துவிட்டன. ஓயாமல் மண்டியிடுவதால் முழங்காற்சில்லுக்கு முன்னேயுள்ள நீர்ப்பை வீங்கும் நோய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'பணிப்பெண்ணின் முழங்கால்'. ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் எழுதிய 'படகில் மூவர்' நம்மில் பலரும் விழுந்து விழுந்து சிரித்த புத்தகம். அதன் தொடக்கத்தில் கதைசொல்லி, மருத்துவ நூலொன்றைப் புரட்டி, உலகிலுள்ள எல்லா நோயும் தனக்கிருப்பதாக முடிவுகட்டுகிறான். இல்லாத நோய் ஒன்றே ஒன்று, அதுதான் இந்தப் பணிப்பெண்ணின் முழங்கால். அது மட்டும் ஏன் தன்னை ஒதுக்கியது என்று அவனுக்கு மனக்குறை. அந்த நகைச்சுவையை நாம் பல முறை படித்திருக்கிறோம். வசதியுள்ள ஆடவனுக்கு அந்நோய் வரவே வழியில்லை என்பதுதான் அதன் முள் என்பதை இப்போதுதான் கண்டோம்.

மண்டியிட்டவர்கள் எழுதி வைத்தது மிகக் குறைவு. விதிவிலக்கு ஹன்னா கல்விக். 1833இல் பிறந்து, எட்டு வயது முதலே வேலைக்குப் போன இங்கிலாந்துப் பணிப்பெண். ஆர்தர் மன்பி என்ற வழக்கறிஞரும் கவிஞருமான மனிதர் அவரைக் காதலித்தார். 1873இல் இருவரும் இரகசியமாக மணந்துகொண்டார்கள். மன்பி கேட்டுக்கொண்டதால் ஹன்னா பல ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். 1984இல் அது நூலாக வெளிவந்தது. அதில் தத்துவம் இல்லை. காலணி துடைத்தது, கணப்புச் சாம்பல் அள்ளியது, படிக்கட்டைத் தேய்த்தது, தரையை மண்டியிட்டுத் துலக்கியது, மறுநாளும் அதுவே. பக்கம் பக்கமாய் இது வருகிறபோது சலிப்புத் தட்டத்தான் செய்யும். எனினும் விக்டோரியா காலப் புதினங்களில் விருந்தினர் அடிவைத்து நுழைகிற ஒவ்வொரு பளபளக்கும் கூடத்துக்கும் பின்னால் இத்தகைய ஒரு விடியற்காலை இருந்திருக்கிறது என்பதை, அந்தச் சலிப்பைக் கடந்த பிறகு மறக்க இயலாது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய ஓவியத்துக்கு வருகிறோம். பாரிஸின் ஓர்ஸே அருங்காட்சியகத்தில் உள்ள அதை இணையத்தில் பெரிதாக்கிப் பல மணி நேரம் பார்த்தோம். குஸ்தாவ் கையெபோத் 1875இல் தீட்டிய 'தரை இழைப்பவர்கள்'. ஒன்றரை மீட்டருக்குச் சற்றே குறைந்த அகலம். மிரோமெனில் தெருவிலிருந்த கையெபோத்தின் குடும்ப மாளிகையில் ஓர் அறை. சட்டையில்லாத மூன்று தொழிலாளர் மண்டியிட்டு, கைகளை முன்னே நீட்டி, பலகைகளைச் சுரண்டுகிறார்கள். பின்னாலுள்ள சன்னலிலிருந்து விழும் ஒளி அவர்கள் முதுகிலும் தரையிலும் ஒரே மாதிரி வழிகிறது. சுரண்டிய வரி வெளுப்பாகவும் சுரண்டாத வரி கருமையாகவும் மாறி மாறிச் செல்கிறது. மரச்சுருள்கள் அங்கங்கே கிடக்கின்றன. வலப்பக்கம் ஒரு மதுப்புட்டியும் ஒரு குவளையும். இருவர் தலையைத் திருப்பி ஏதோ பேசிக்கொள்வதுபோல் இருக்கிறது. என்ன பேசுகிறார்கள்? கூலியைப் பற்றியா, இந்த வீட்டுப் பிள்ளை மூலையில் நின்று தங்களை வரைவதைப் பற்றியா?

1875ஆம் ஆண்டு பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோன் இவ்வோவியத்தை ஏற்க மறுத்துவிட்டது. வயலில் கதிர் பொறுக்கும் பெண்களை மில்லே 1857லேயே வரைந்து காட்டிவிட்டார். நாட்டுப்புறத்து உழைப்பில் ஒரு தெய்வீகம் இருப்பதாகச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். நகரத்துக் கூலியாள், அதுவும் நாம் நடக்கிற தரையிலேயே, சட்டையில்லாமல் மண்டியிடும்போது அப்படிச் சமாளிப்பது கடினம். மறு ஆண்டு, 1876இல், இம்ப்ரெஷனிஸ்டுகளின் இரண்டாம் கண்காட்சியில் கையெபோத் அதை வைத்தார். அங்கே அதைப் பார்த்து, துல்லியம் மிகுந்துபோனதால் கலையே இல்லாமல் போய்விட்டது என்ற பொருளில் எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? எமிலி ஸோலா!

தொழிலாளர் வாழ்வைப் புதினத்துக்குள் கொண்டுவந்த அதே ஸோலாதான். அதே 1876இல் அவருடைய 'லஸொம்வார்' தொடர்கதையாக வெளிவரத் தொடங்கியிருந்தது, 1877இல் நூலாயிற்று. அதில் வரும் சலவைக்காரி ழெர்வேஸ் சொந்தமாகக் கடை வைத்துச் சிறப்பாக இருந்தவள். குடியாலும் கடனாலும் சீரழிந்து கடையை இழக்கிறாள். அந்த இடத்தில் அவளுடைய பழைய பகையாளியான விர்ஜினி மிட்டாய்க் கடை வைக்கிறாள். சனிக்கிழமை தோறும் அந்தக் கடையின் தரையைத் துலக்க ழெர்வேஸ் கூலிக்கு வருகிறாள். ஒரு காலத்தில் அவளே எசமானியாய் உலவிய அதே தரை. அழுக்குநீரில் மண்டியிட்டு அவள் தேய்க்க, விர்ஜினியும், ழெர்வேஸை முன்பு கைவிட்டுப் போன லாந்தியேவும் மேசையருகே உட்கார்ந்து, அங்கே அழுக்கு நிற்கிறது, இங்கே சரியாகத் தேய் என்று ஏவுகிறார்கள். அந்த அத்தியாயத்தை எம்மில் ஒருவரால் ஒரே அமர்வில் படித்து முடிக்க முடியவில்லை.

ஓவியத்தைக் குறைகூறிய ஸோலா, எழுத்திலே செய்தது ஓவியத்தின் வேலையேதான் என்பது எம் கருத்து. ஒரு வேறுபாடு உண்டு. கையெபோத்தின் தச்சர்களுக்கு வலிமையான கைகளும், கருவிகளும், தொழிலின் பெருமிதமும், ஒரு புட்டி மதுவும் இருக்கின்றன. அவர்கள் மண்டியிடுவதில் இழிவில்லை. ழெர்வேஸுக்கு ஈரத் தூரிகை ஒன்றுதான். தரையை உருவாக்குகிறவன் மண்டியிடுவதும் தரையைக் கழுவுகிறவள் மண்டியிடுவதும் பார்வைக்கு ஒன்றுபோலிருந்தும் ஒன்றல்ல. முன்னதற்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. 1894இல் கையெபோத் தம் 45ஆம் வயதில் இறந்தபின் அவ்வோவியம் பிரெஞ்சு அரசுக்குச் சேர்ந்தது.

அமெரிக்காவில் இதற்குள் இயந்திரம் வந்துவிட்டது. வில்லியம் உட்வொர்த் 1828இல் காப்புரிமை பெற்ற இழைப்பு இயந்திரம், பலகையை ஒரே கனத்தில் சீவி, ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் வெட்டித் தந்தது. தச்சனின் ஒரு நாள் வேலை நிமிடங்களில் முடிந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் நடுத்தரக் குடும்பத்துக்கும் ஓக் தரை எட்டியது. 1886இல் விஸ்கான்ஸின் மாநிலத்து ரசீன் நகரில் சாமுவேல் கர்ட்டிஸ் ஜான்ஸன் என்பவர் பின்னல் மரத்தளம் விற்கும் தொழிலை விலைக்கு வாங்கினார். தரையை வாங்கிப் போனவர்கள் எல்லோரும் அவரிடம் திரும்பி வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இதை எப்படிப் பேணுவது? அவர் மெழுகு காய்ச்சித் தரத் தொடங்கினார். சில ஆண்டுகளில் தரை விற்ற பணத்தை மெழுகு விற்ற பணம் மிஞ்சிவிட்டது. பிற்பாடு தரை வியாபாரத்தையே அந்நிறுவனம் கைவிட்டது. 'ஜான்ஸன்ஸ் வேக்ஸ்' என்று நம் ஊர்வரை வந்த பெயரின் பிறப்பு இதுதான். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியஸில் உருகிவிடும்; பிரேஸிலின் கார்னௌபா பனையோலையில் கிடைக்கும் மெழுகோ 80 பாகையைத் தாண்டித்தான் உருகும். அந்தக் கடினமே பளபளப்பு நீடிப்பதற்குக் காரணம். அந்தப் பனையைத் தேடி அக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை 1935இல் விமானமேறிப் பிரேஸிலுக்கே போயிற்று.

காலால் தேய்க்கும் ஆட்டம் பிரான்சோடு நின்றுவிடவில்லை. ரஷ்யாவில் 'பலத்தியோர்' என்று அழைக்கப்பட்ட தரை மெருகாளர்கள் புரட்சிக்குப் பிறகும் நெடுநாள் இருந்தார்கள். கியோர்கி டானேலியா இயக்கி 1964இல் திரைக்கு வந்த 'மாஸ்கோ வீதிகளில் நடக்கிறேன்' என்ற படத்தில் ஒரு காட்சி. சைபீரியாவிலிருந்து வந்த இளம் எழுத்தாளன், தன் கதையைப் பற்றிப் பேசப் புகழ்பெற்ற எழுத்தாளரின் வீட்டுக்குப் போகிறான். உள்ளே ஒரு மனிதர் காலில் தூரிகையோடு ஆடி ஆடித் தரையை மெருகிட்டபடியே, இலக்கியத்தில் உண்மை என்றால் என்ன என்பதைப் பற்றி அவனுக்கு உபதேசம் செய்கிறார். பையன் பணிவோடு கேட்டுக்கொள்கிறான். பிறகுதான் தெரிகிறது, அவர் எழுத்தாளர் அல்லர், தரை தேய்க்க வந்தவர்! விளாதிமிர் பஸோவ் நடித்த அந்தச் சில நிமிடங்களை எம் குழுவில் திரையிட்டபோது, இலக்கியக் கூட்டங்களில் நாம் கேட்ட சில சொற்பொழிவுகள் எம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

இன்று மெழுகு பூசுவோர் குறைவு. 1937இல் ஓட்டோ பாயர் கண்டறிந்த பாலியூரிதேன் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வார்னிஷாக வந்து, முழங்கால்களுக்கும் ஆடும் கால்களுக்கும் ஓய்வு கொடுத்தது. இடையில் சுவரோடு சுவர் கம்பளம் விரிக்கும் மோகம் வந்து, எத்தனையோ ஓக் தரைகள் பத்தாண்டுக் கணக்கில் அதன் அடியில் உறங்கின. கம்பளத்தைக் கிழித்தபோது அவை புதிதுபோல் வெளிப்பட்டதும் உண்டு. ஆனால் புதிய முறைக்கும் ஒரு விலை இருக்கிறது. மெழுகுத் தரையில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மெழுகிட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம். வார்னிஷ் தேய்ந்துபோனால் பெரும்பாலும் அறை முழுவதையும் இயந்திர உப்புத்தாளால் உராய வேண்டும். வழக்கமான 19 மில்லிமீட்டர்ப் பலகையில் காடிக்கு மேலே இருக்கும் மரம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு உராய்வும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். சில முறைக்குப் பின் தரையே இல்லை.

ஆகவே பேணுதல் என்பது இன்று பெரும்பாலும் தடுப்பதுதான். மரத்தரையைக் கெடுப்பவற்றில் தண்ணீருக்கு அடுத்தது செருப்பில் வரும் மணற்துகள். வாசலில் மிதியடி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டாலே பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. இந்த ஒன்றில் நாம் வெள்ளையர்களுக்குப் பாடம் சொல்லலாம். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டலாம். பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்தலாம். குளிர்காலத்தில் கணப்பு அறையின் காற்றை உலர்த்திப் பலகைகளுக்கிடையே இடைவெளி விழச் செய்யும். ஈரப்பதத்தை 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் மரமும் மனிதரும் நலமாயிருப்பார்கள்.

அந்தக் குளிர்தான் எம் முதல் கேள்விக்கும் விடை. பளிங்கு, ஓக் மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது. வெறுங்காலைப் பளிங்கில் வைத்தால் காலின் சூட்டை அது இழுத்துக்கொள்ளும், மரம் இழுக்காது. சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரையில் துண்டை விரித்துக்கூட அல்ல, வெறும் மேனியாய்ப் படுத்துச் சுகம் கண்ட நமக்குத் தரை என்றால் குளிர வேண்டும். சனவரியில் உறைபனி பெய்யும் ஊரில் தரை குளிராதிருந்தால் அதுவே சுகம். இரண்டு சுகங்களும் ஒரே வீட்டில் ஒரே நாளில் சந்தித்ததில்தான் நண்பரின் முன்பணம் போயிற்று.

கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். வளைந்த பலகைகளை உடனே உராய்ந்து சமப்படுத்திவிட வீட்டுக்காரர் அவசரப்பட்டார். அவர் அழைத்துவந்த முதிய தச்சர் மறுத்துவிட்டாராம். ஓரம் எழும்பி நிற்கும்போது சீவிவிட்டால், அடியிலுள்ள ஈரம் வடிந்தபின் அதே ஓரங்கள் தாழ்ந்துபோய், தரை இப்போது குழிந்திருப்பதற்கு நேர்மாறாய் முதுகு தூக்கி நிற்கும். காத்திருங்கள் என்றார் அவர். காத்திருந்தார்கள். வசந்தம் வருவதற்குள் பெரும்பாலான பலகைகள் தாமாகவே படிந்துவிட்டன. சன்னலோரம் நான்கு பலகைகள் மட்டும் படியவில்லை, அவற்றை மாற்றினார்கள். மாற்றியவற்றின் நிறம் இன்னமும் சற்று வெளுப்பாகத்தான் இருக்கிறதாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அம்மையார் மறுபடி போனபோது, பெட்டியில் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் அடியில் ஒரு மணைப்பலகையை வைத்துக் கட்டியிருந்தார். போகியன்று வரவேற்பறையின் நடுவில் அதைப் போட்டு, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, காயவிட்டு, அதன்மேல் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு மாக்கோலம் இழைத்தார். வீட்டுக்காரர் அன்று வந்திருந்தார். அதிலும் தண்ணீர் சேர்த்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டாராம்.